ஏழு வேரில் ஒரு வேர்

ஒரு காட்டில் இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்துவிட்டது. ஓடைகள் மணலாயின, மணலும் பகலெல்லாம் கொதித்தது. வற்றாமல் எஞ்சியது ஒரே ஒரு சுனை. அது யானைக் கூட்டத்துக்கு உரியது. அக்கூட்டத்தின் தலைவி பெரியநாயகி என்னும் முதிய பெண் யானை.

அங்கே நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு, குழந்தைகளே. கோடையில் சுனைநீர் எல்லாருக்கும் காணாது. ஆகவே யானைகளுக்கு வேலை செய்து கொடுப்போர் மட்டும் தம் குடும்பத்தோடு சுனைக்கரையில் தங்கி நீர் அருந்தலாம். மற்றவர் மலைக்கு அப்பாலுள்ள ஆற்றுக்கு நடக்க வேண்டும். நீண்ட கால் படைத்த மானுக்கு அது இரண்டு நாள் வழி. குட்டையான கால்களை உடையவர்க்கோ, போய்ச் சேராத வழி.

குட்டையான கால்களை உடையவன்தான் செதிலன். அவன் ஓர் அழுங்கு. அழுங்கை எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில்; ஒரு முழ நாக்கு; பாறையையும் பெயர்க்கும் நகம். கறையான் எந்தப் பொந்தில் ஒளிந்தாலும் மோப்பத்தாலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆயினும் அவனிடம் ஒரு குறை இருந்தது. யாரேனும் உரத்துப் பேசினால் போதும், தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு உருண்டையாகிவிடுவான்.

அந்தக் கோடையில் சுனைக்கு ஓர் ஆபத்து வந்தது. கரையின் மண்ணைப் பிடித்து நின்றது ஒரு பெரிய மருத மரம். அதன் ஏழு பெருவேர்களிலும் கறையான் ஏறிவிட்டது. மரம் சாய்ந்தால் கரை உடையும். கரை உடைந்தால் நீர் முழுவதும் ஒழுகிப்போகும். "கறையானை ஒழிக்கத் தெரிந்தவர் தேவை" என்ற செய்தி காடெங்கும் பரவியது.

இரண்டு மாதம் கழித்துத்தான் அது செதிலனின் மனைவி பொன்னாச்சியின் காதுக்கு எட்டியது. அவள் குட்டியை வாலில் ஏற்றியபடி ஓடிவந்தாள்.

"கேட்டீர்களா? கறையானை ஒழிக்க உங்களை விட்டால் இந்தக் காட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? உடனே போய்க் கேளுங்கள்."

"நான் கேட்டால் அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்களே, பொன்னாச்சி!"

"கேட்டால் பதில் சொல்லுங்கள். உருண்டு மட்டும் விடாதீர்கள்!"

செதிலன் புறப்பட்டான்.

சுனைக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு பாறை கிடந்தது. அதன்மேல் சாதுரியன் என்னும் நரி, காதில் ஒரு மயிலிறகைப் பதவிச் சின்னம் போலச் செருகிக்கொண்டு அமர்ந்திருந்தான். பாறைக்குக் கீழே வேலை தேடி வந்தவர்களின் வரிசை நீண்டு கிடந்தது. செதிலனுக்கு முன்னால் நின்றவன் முள்ளன் என்னும் முள்ளம்பன்றி.

"நீ புதிதோ, தம்பி?" என்று முள்ளன் திரும்பிப் பார்த்தான். "நான் மூன்றாம் முறை வருகிறேன். இந்த முறை உறுதி என்று நரியார் வாக்குக் கொடுத்திருக்கிறார்."

"முதல் முறை என்ன சொன்னார், அண்ணே?"

"அப்போதும் உறுதி என்றுதான் சொன்னார். தங்கமான மனிதர்... ஊம், தங்கமான நரி."

செதிலனின் முறை வந்தது. நரி அவனை வால் முதல் மூக்கு வரை அளந்தான்.

"ஓடுவாயா?"

"மெதுவாக நடப்பேன், ஐயா."

"கர்ஜிக்கத் தெரியுமா?"

"கறையானை ஒழிக்கக் கர்ஜனை எதற்கு, ஐயா?"

"கேள்வி கேட்பவன் நான்! நீ யார் என்னைக் கேட்பதற்கு?" என்று நரி பல்லைக் காட்டி உறுமினான்.

அவ்வளவுதான். செதிலன் உருண்டையாகிவிட்டான்.

"பாருங்கள், பாருங்கள்! வேலை கேட்டு ஒரு பலாக்காய் வந்திருக்கிறது!" என்று நரி கூவினான். வரிசை முழுவதும் சிரித்தது. இன்னும் சற்று நேரத்தில் தாமும் அதே பாறைக்கு முன் நிற்கப்போகிறோம் என்பதை மறந்து சிரித்தது.

செதிலன் மெல்லத் தலையை நீட்டினான். நரி குரலைத் தாழ்த்தினான்.

"சரி, போகட்டும். யானைகளின் மரத்தில் இதற்குமுன் வேலை பார்த்த அனுபவம் உண்டா?"

"இல்லை, ஐயா. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?"

"அனுபவம் இருந்தால்தானே வேலை கொடுக்க முடியும்? இதுகூடத் தெரியாமல் வந்துவிட்டாய்! ஆனாலும் உன்னைப் பார்த்தால் இரக்கமாக இருக்கிறது. குட்டி இருக்கிறதோ?"

"ஒரு குட்டி, ஐயா."

"அடடா. அப்படியானால் உனக்காக ஒரு சலுகை. ஏழு நாள் சோதனை வேலை. அதோ அந்த மேட்டில் புற்றுகள் தெரிகின்றன அல்லவா? ஒரு புற்றை உடைத்து, ஒருவர் வசதியாகப் படுக்கும் அளவுக்கு உள்ளே குடைந்து காட்டு. இது பெரியநாயகி அம்மாளின் கட்டளை. தேறினால் சுனைக்கரை உனக்குத்தான்."

வேரில் ஏறிய கறையானை நீக்குவதற்கும், மேட்டில் படுக்கையறை குடைவதற்கும் என்ன தொடர்பு? செதிலனின் மனத்தில் இக்கேள்வி எழாமல் இல்லை. ஆனால் முன்பு கேட்ட ஒரு கேள்விக்கே உறுமல்தானே கிடைத்தது! வாயை மூடிக்கொண்டான். பசித்தவனை அச்சுறுத்தி, அவன் அச்சத்தின்மேல் ஏறி அமர்ந்துகொள்வதைக் காட்டிலும் இழிந்த தொழில் எக்காட்டிலும் இல்லை, குழந்தைகளே. மயிலிறகு செருகினாலும் அது இழிவுதான்.

ஏழு நாள் செதிலன் மண்ணோடு போராடினான். வெயிலில் இறுகிய புற்று கல்லைப் போல் இருந்தது. இடக்கால் நகம் ஒன்று பாதியாக முறிந்தது. எட்டாம் நாள் காலையில் நரி வந்தான். குழிக்குள் நுழைந்து இப்படியும் அப்படியும் புரண்டு பார்த்தான்.

"குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நல்லது, போய் வா. சொல்லி அனுப்புகிறோம்."

"எப்போது, ஐயா?"

"எப்போது என்று கேட்பவர்களுக்குச் சொல்லி அனுப்புவதே இல்லை."

"ஏழு நாள் உழைத்ததற்காக, ஒரு மிடறு நீராவது..."

"நீரா?" நரி வானத்தைப் பார்த்துக் கைகூப்பினான். "புற்றிலிருந்த கறையானை யார் தின்றது? நானா? ஏழு நாள் உனக்கு விருந்து வைத்தேன். கைத்தொழிலுக்குப் பழக்கமும் கொடுத்தேன். அதற்குமேல் நீரும் கேட்கிறாய்! உன்னைப் போன்றவர்களுக்கு நன்மை செய்யவே கூடாது."

செதிலன் வீடு திரும்பினான். காத்திருந்தான். பத்து நாள் சென்றன; ஒரு சொல்லும் வரவில்லை. பொன்னாச்சி ஓடை மணலை ஆழத் தோண்டி ஈரம் தேடினாள். குட்டி விடியலில் எழுந்து, தந்தையின் செதில்களில் படிந்த பனித்துளிகளை ஒன்றொன்றாக நக்கும். பதினோராம் நாள் பனியும் பெய்யவில்லை. குட்டி காய்ந்த செதில்களை நெடுநேரம் நக்கிப் பார்த்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது.

செதிலன் எழுந்தான். நரியிடம் மீண்டும் ஒருமுறை மன்றாடலாம் என்று நடந்தான்.

மேட்டைக் கடக்கும்போது, தான் குடைந்த குழியிலிருந்து ஒரு மூக்கு நீண்டது. அது நரியின் மைத்துனன்.

"யாரப்பா அது? வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதே. காற்று வரவில்லை!"

செதிலன் திகைத்தான். அடுத்த குழியைப் பார்த்தான். அங்கே நரியின் தம்பி. அதற்கடுத்த குழியில் நரியின் மாமன், மல்லாந்து படுத்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். மேடு முழுவதும் குழிகள். குழி முழுவதும் நரிகள். நகத்தின் தடம் அழுங்குக்குத் தெரியாதா? இந்தச் சுவரில் இருப்பது உடும்பின் நகம். அந்த மூன்று குழிகளிலும் இருப்பது முள்ளனின் நகம். அப்பாவி முள்ளன்! அவனும் மூன்று முறை சோதனை கொடுத்தான். மூன்று நரிகளுக்கு வீடு கிடைத்தது.

செதிலனின் உடம்பு நடுங்கியது. வழக்கமாக நடுங்கினால் அவன் உருண்டுவிடுவான். அன்று உருளவில்லை. அச்சத்தால் வந்த நடுக்கமாயின் உருண்டிருப்பான். இது சினத்தால் வந்தது.

"ஏன் அப்படி மூச்சு விடுகிறாய்? புற்றே பறந்துவிடும் போலிருக்கிறதே!" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

பட்ட மரம் ஒன்றில் கொண்டைச்சி என்னும் மரங்கொத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். யானைகளின் மரங்களில் புழு எடுக்கும் வேலை அவளுடையது. செதிலன் நடந்தது அனைத்தையும் சொன்னான்.

"அடப்பாவிகளா! குழிகளை நரிகளே தோண்டின என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!"

"அக்கா, உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது?"

"கேட்டேன், கிடைத்தது."

"நரியாரிடம் கேட்டீர்களா?"

"நரியிடம் எதற்குக் கேட்க வேண்டும்? மரம் நரியுடையதா? யாருடைய மரமோ அவரிடம் கேட்டேன்."

செதிலன் பாறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். இவ்வளவு எளிய வழி தனக்கு ஏன் தோன்றவில்லை? பாதையின் குறுக்கே ஒருவன் உட்கார்ந்திருந்தால், அவனே வாசல் என்று நம்பிவிடுகிறோம்.

"விடிந்ததும் பெரியநாயகி அம்மாள் மருத மரத்தைச் சுற்றி வருவார்" என்றாள் கொண்டைச்சி. "அப்போது நேரே வா. பாறை வழியாக வராதே. காய்ந்த ஓடை வழியாக வா."

"அவர் ஏதாவது கேட்டால் எனக்குப் பேச வராதே, அக்கா!"

"வாய் வராவிட்டால் என்ன? நகம் வருமல்லவா? நீ யார் என்பதை ஒரே வரியில் சொல். பிறகு ஒரு வேரைச் சுத்தம் செய்து காட்டு. நன்றாகக் கேட்டுக்கொள்: ஒரே ஒரு வேர். ஏழையும் முடித்துவிட்டுக் கும்பிட்டு நிற்காதே. முடிந்த வேலைக்கு யாரும் ஆள் தேட மாட்டார்கள்!"

மறுநாள் விடியலில் செதிலன் ஓடை வழியே நடந்தான். வழி நெடுகத் தன் ஒற்றை வரியை முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மருத மரத்தின் அடியில் பெரியநாயகி நின்றிருந்தாள். துதிக்கையால் வேர் ஒன்றைத் தட்டி, கவலையோடு பெருமூச்செறிந்தாள். காலடியில் ஏதோ அசைவதைக் கண்டு, "யார் அது?" என்றாள். யானை மெல்லச் சொன்னாலும் அது இடிதான்.

செதிலனின் தலை தானாகவே வயிற்றை நோக்கிப் பாதிவழி போய்விட்டது. அந்தக் கணத்தில் வேரின்மேல் ஓடிய கறையானின் மண்கோடு அவன் கண்ணில் பட்டது. குட்டி நக்கிய காய்ந்த செதில்கள் நினைவுக்கு வந்தன. தலையை நிமிர்த்தினான்.

"அம்மா, நான் செதிலன். கறையானை ஒழிப்பது என் தொழில். ஒரு வேரைச் செய்து காட்ட அனுமதி கொடுங்கள்."

"செய்" என்றாள் பெரியநாயகி.

செதிலன் மண்கோட்டைத் தொடவே இல்லை. அதைத் துடைப்பவர்கள் வெளித்தோற்றத்தைத் துடைப்பவர்கள். இரண்டு நாளில் கறையான் மீண்டும் வந்துவிடும். அவன் வேரின் பின்புறம் போய் மோந்தான். முழங்கால் ஆழத்தில், ஒருவரும் பாராத இடத்தில், கூட்டின் வாயைக் கண்டுபிடித்தான். நகம் மண்ணைப் பிளந்தது. நாக்கு உள்ளே பாய்ந்தது. யானை வியந்து காதுகளை விரித்தாள்.

அந்நேரம் பார்த்து நரி ஓடிவந்தான். மயிலிறகு ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது.

"அம்மா, அம்மா! ஏமாந்துவிடாதீர்கள்! இவன் என் சோதனையில் தேறாதவன். அடேய் பலாக்காய், ஓடுவாயா? தாவுவாயா? கர்ஜிப்பாயா? சொல்லடா!"

நரி செதிலனின் காதருகே வந்து குரைத்தான். செதிலனின் முதுகுச் செதில்கள் சிலிர்த்து எழுந்து நின்றன. ஆனால் அவன் வேரைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. உள்ளே ஒளிந்திருந்த தாய்க்கறையானையும் இழுத்து வெளியே போட்டான். பின்பு வேரைச் சுரண்டிக் காட்டினான். அடியில் வெள்ளை மரம் பளிச்சென்று தெரிந்தது.

"மூன்று மாதமாக நான் இப்படி ஒரு கைவேலையைக் காணவில்லை" என்றாள் பெரியநாயகி.

நரி நொடியில் பேச்சை மாற்றினான். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், அம்மா! கெட்டிக்காரன்தான். ஆனால் அவசரப்படக் கூடாது. மற்ற ஆறு வேர்களையும் செய்யட்டும். ஏழும் முடிந்தபின் இவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நிதானமாக முடிவு செய்வோம். சோதனைதானே!"

செதிலன் நகங்களை மண்ணில் துடைத்துக்கொண்டான். பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து அமர்ந்தான்.

"இந்த ஒரு வேர் காட்டுவதற்கு, அம்மா. மற்ற ஆறும் வேலைக்கு."

"துணிச்சலைப் பாருங்கள்!" என்று நரி கத்தினான்.

"ஏழு நாள் சோதனை வேலையை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன், அம்மா. தங்கள் பெயரைச் சொல்லித்தான் செய்யச் சொன்னார்."

பெரியநாயகியின் காதுகள் அசைவற்று நின்றன. "என் பெயரைச் சொல்லியா? எங்கே செய்தாய்?"

"அதோ அந்த மேட்டில். என்னைப் போல் இன்னும் பலர் செய்திருக்கிறார்கள். அந்தக் குழிகளில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தாங்களே பாருங்கள்."

யானை நடந்தாள். மேட்டின்மேல் ஒரு காலை ஊன்றினாள். நிலம் அதிர்ந்ததும், ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு நரி துள்ளி வெளியே வந்தது. மாமன், மைத்துனன், தம்பி, தம்பியின் மாமனார் எனப் பதினான்கு நரிகள்! பாறையடியில் காலையிலேயே வரிசை கட்டி நின்றவர்களும் ஓடிவந்து பார்த்தார்கள். முள்ளன் தன் மூன்று குழிகளையும் அடையாளம் கண்டுகொண்டான். அவன் முட்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை என்று மூன்று மாதமாக என்னிடம் சொன்னாயே!" என்று பெரியநாயகி முழங்கினாள். "செய்தியைக் காட்டுக்குச் சொல் என்றேன். வழியை மறித்து உட்கார் என்று யார் சொன்னது? காதில் அது என்ன?"

"மயி... மயிலிறகு, அம்மா."

"யார் கொடுத்தது?"

"கீழே கிடந்தது, அம்மா."

கீழே கிடந்த ஓர் இறகு! அதற்கு அஞ்சித்தான் ஒரு காடே தலைகுனிந்து நின்றது.

"அம்மா, கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றாள் கொண்டைச்சி கிளையிலிருந்து. "ஒருநாள் அந்தப் பாறை வரை தாங்கள் நடந்திருந்தால் இத்தனை பேர் நகம் தேய்ந்திருக்காது."

பெரியநாயகி மேட்டின் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் வாசலில் நிற்பவன் யார் என்று பாராதது தன் குற்றமே என்பதை அவள் உணர்ந்தாள்.

"உண்மை" என்றாள் இறுதியில். "குழி குடைந்த ஒவ்வொருவரும், குடைந்த நாள்களுக்கு ஈடாகச் சுனைக்கரையில் நீர் அருந்துங்கள். குழிகளும் குடைந்தவர்களுக்கே. செதிலா, உன் குடும்பத்தை இன்றே அழைத்து வா. அந்த ஆறு வேர்களும் உன் பொறுப்பு. அவை முடிந்தபின் மரத்தின் காவலும் உன் பொறுப்பு."

அன்று மாலை பொன்னாச்சி குட்டியோடு வந்தாள். குட்டி சுனைக்குள் மூக்கை விட்டுக் குடித்தது, குடித்தது, தும்மியது, மீண்டும் குடித்தது.

சுனைக்கரையை விட்டு ஓடிப்போன நரி நான்கு நாள் கழித்து வந்தான். இறகில்லை, நாக்கு வெளியே தொங்கியது. "அம்மா, ஏதாவது ஒரு வேலை..." என்று முனகினான்.

"வந்தாயா?" என்று கொண்டைச்சி சிறகடித்தாள். "அம்மா, இவனுக்கு ஏழு நாள் சோதனை வேலை கொடுங்கள். நன்றாகப் புரட்டி எடுத்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிடுவோம்!"

கரை முழுவதும் சிரித்தது. முள்ளன் முட்கள் கலகலக்கச் சிரித்தான். செதிலன் மட்டும் சிரிக்கவில்லை.

"வேண்டாம், அம்மா" என்றான். "அந்தக் கொடுமை இக்காட்டில் இனி யாருக்கும் வேண்டாம், செய்தவனுக்கும் வேண்டாம். கரையில் மண் சுமக்க ஆள் தேவைப்படுகிறது. இவன் சுமக்கட்டும். சுமந்த நாளுக்கு, அன்று மாலையே நீர் கொடுங்கள்."

பெரியநாயகி தலையசைத்தாள்.

நரி அன்று பகல் முழுவதும் வாயில் மண்ணைக் கவ்விக் கவ்விக் கரையில் கொட்டினான். மாலையில், ஒருவரும் அவனைக் காத்திருக்கச் சொல்லவில்லை. "போய்க் குடி" என்றார்கள். தன் உழைப்புக்கு அன்றே கிடைத்த அந்த நீரில் தன் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் குனிந்தே இருந்தான். எதிர்க்கரையில் ஓர் அழுங்கு, முறிந்து மீண்டும் முளைத்துவரும் தன் நகத்தை நக்கிக்கொண்டு அடுத்த வேருக்கு நடந்துகொண்டிருந்தது.

நீதி: வேலையைக் கேட்பதானால் வேலைக்கு உரியவரிடம் நேரே கேள், திறமையைக் காட்டு, ஆனால் உழைப்பைக் கூலியின்றிக் கொடுத்துவிடாதே.